ஊசித்துளையில் கண்ட தங்கவயல்

ஆண்டர்சன்பேட்டையில் நாங்கள் வளர்ந்த வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு நிழற்படம் தொங்கியது. ஸ்டுடியோத் திரைச்சீலைக்கு முன்னால் இரவல் கோட்டணிந்து தாத்தா விறைத்து நிற்பார். பாட்டி நாற்காலியில் அமர்ந்திருப்பார். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்கு வந்த தலைமுறைக்கு எங்களிடம் இருந்த சான்று அது ஒன்றே. ஆனால் பாறை குடைந்த மனிதரை அப்படத்தில் காண முடியாது.

பின்னாளில் பெரியப்பா ஓர் ஆக்ஃபா கிளிக் காமிரா வாங்கினார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். பொங்கலுக்கு இரண்டு, காதுகுத்துக்கு மூன்று என்று பங்கிட்டு வைப்பார்; சுருள் முடிய ஓராண்டு ஆகும். 1960-இல் உதகமண்டலத்தில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' சுருள்கள் அந்நாளில் கிடைத்தன. அந்த ஆலை இன்று இயங்கவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீப் சுரங்கத்தையும் சேர்த்து, தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு ஊருக்குச் சென்றோம். பரணிலிருந்து அக்காமிராவை இறக்கினால், அதன் ஷட்டர் அசைய மறுத்தது. பிள்ளைகளின் முகம் வாடிற்று. 'கண்ணாடி வில்லையே இல்லாமல் படம் பிடிக்கலாம், வாருங்கள்' என்று பால்பவுடர் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டோம்.

முறை எளியது. டப்பாவின் உட்புறம் முழுதும் கறுப்புப் பூச்சு. பக்கத்தில் ஒரு சன்னல் வெட்டி, மெல்லிய அலுமினியத் தகட்டில் ஊசி முனையால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளையிட்டு, உப்புத்தாளால் பிசிறு தேய்த்து ஒட்டினோம். ஒளி நேர்கோட்டில் செல்வதால் வெளிக்காட்சி தலைகீழாய் உள்ளே விழும். எதிர்ச்சுவரில், இருட்டறைச் சிவப்பு விளக்கில், வெள்ளியுப்புப் பூசிய நிழற்படத்தாளைப் பொருத்தினோம். துளையை மூடிய கறுப்பு நாடாவே ஷட்டர். நல்ல வெயிலில் ஒரு நிமிடம். நிழலில் ஐந்து நிமிடத்திற்கும் மேல்.

முதற்படம் எங்கள் தெரு. கரைசலில் தாள் மெல்லக் கறுத்தது. வானம் கறுப்பு, நிழல் வெளுப்பு. அதன்மேல் வேறொரு தாளை வைத்து ஒளிகாட்டி நேர்ப்படமாக்கினோம். வீடுகளும், சுவரோரம் சாத்திய சைக்கிளும், உறங்கிய நாயும் விழுந்திருந்தன. மனிதர் ஒருவரும் இல்லை! அந்த ஒரு நிமிடத்தில் இருபது பேராவது நடந்திருப்பார்கள். நடந்தவர் எவரும் தாளில் தங்கவில்லை. 1838-இல் பாரிஸ் தெருவைத் தாகேர் படமெடுத்தபோதும் வண்டிகளும் கூட்டமும் மறைந்து, காலணிக்கு மெருகிட நின்ற ஒருவரே நிலைத்தார் என்பது நினைவுக்கு வந்தது.

சிரித்துக்கொண்டே பார்த்த நாங்கள் சற்றில் மௌனமானோம். விடியலில் பெங்களூரு ரயிலேறி இரவில் திரும்பும் ஊர் எங்கள் ஊர். நாங்களோ திரும்பாமலே போனவர்கள். அந்தத் தாளில் எங்களுக்கு இடமில்லாதது நியாயமே என்று தோன்றிற்று.

மறுநாள் காலை வெயிலில் பெரியப்பாவைத் திண்ணையில் அமர்த்தினோம். அவர் சாம்பியன் ரீப்பில் வேலை பார்த்தவர். முதுமையில் அவருக்கு மூச்சு வாங்கும்.

"அசையாமல் இருக்கவேண்டும் பெரியப்பா, ஒன்றரை நிமிடம்."

"மைன்ஸ்லே விளக்கு அணைஞ்சா அசையாமத்தான்டா உட்கார்ந்திருப்போம். நீ எண்ணு."

நாடாவை நீக்கிப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினர். நாற்பதில் இருமல் வந்தது. அவர் உதட்டைக் கடித்து அடக்கினார். தோள் மட்டும் குலுங்கிற்று. தொண்ணூறு வரை எழவில்லை.

படத்தில் முழங்கால் மேல் வைத்த இரு கைகளும் நரம்பு தெரிய விழுந்திருந்தன. மார்பு மட்டும் புகைபோல் கலங்கியிருந்தது. 'படம் கெட்டுவிட்டது, மறுபடி எடுப்போம்' என்றான் இளையவன். பெரியப்பா அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "கெடலே. அது என் மூச்சு" என்றார்.

பெரியப்பா இன்று இல்லை. தாத்தாவின் படத்திற்குப் பக்கத்தில் அப்படத்தை மாட்டியிருக்கிறோம். தாத்தாவின் படத்தில் எல்லாம் துலக்கம். அவர் பட்ட பாடு மட்டும் தெரியாது. பெரியப்பாவின் படத்தில் மங்கிய இடமே அவருடைய வாழ்வைச் சொல்கிறது.

ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் நாம். நம் வீட்டுப் பெரியவர்களை நொடியில் ஆயிரம் படம் எடுத்துவிடுகிறோம். அவர்கள் எதிரே ஒன்றரை நிமிடம் வாளா அமர்ந்திருக்கிறோமா? அந்தப் பால்பவுடர் டப்பா எங்களை அன்று அப்படி அமரச் செய்தது. அதற்காகவே அதை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறோம்.