தன் மணம் அறியாதவர்

சென்ற சித்திரையில் பழைய மாணவர் ஒருவர் பாரிசிலிருந்து வந்திருந்தார். முதுகலையில் என்னிடம் சங்க இலக்கியம் பயின்றவர். விடைபெறும்போது ஒரு சிறு பெட்டியை மேசைமேல் வைத்தார். ஆண்களுக்கான வாசனைத் திரவியம். “தினமும் காலேஜுக்குப் போட்டுட்டுப் போகலாம் ஐயா, யாரையும் உறுத்தாது” என்றார். நாற்பத்தாறு வயதுவரை சந்தன சோப்பைத் தாண்டி அறியாத எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

‘தேர் தெர்மேஸ்’ என்பது அதன் பெயர். நம் தேர் அன்று. பிரெஞ்சில் அச்சொல்லுக்கு மண், நிலம் என்று பொருள். எர்மேஸ் நிறுவனத்துக்காக ழான்-குளோத் எலெனா 2006இல் ஆக்கியது. மணிக்கட்டில் தெளித்ததும் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போன்ற ஒரு புத்துணர்ச்சி. பிறகு மிளகின் மெல்லிய காரம். சிறிது நேரத்தில் அவை விலக, அடியிலிருந்து மரமும் ஈரமண்ணும் கலந்த ஒன்று மெதுவாக மேலெழுந்தது. அப்பா அறைக்குள் வந்துவிட்டது போலிருந்தது.

அப்பா கும்பகோணத்தில் ஒரு நாட்டு மருந்துக்கடையில் கணக்கெழுதினார். திப்பிலி, அதிமதுரம், வசம்பு என்று கடையில் எத்தனையோ சரக்குகள். ஆனால் அவருடைய சட்டையில் தங்கியது வெட்டிவேர் மட்டுமே. அவர் இருக்கைக்குப் பின்னால்தான் வெட்டிவேர்க் கட்டுகளை அடுக்கியிருப்பார்கள்.

2001இல் நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது என்னைப் பார்க்க வந்தார். அவர் போனபின் அறைத்தோழன், “என்னடா, நாட்டு மருந்துக்கடை வாசம் அடிக்குது” என்று சிரித்தான். அடுத்த முறை அப்பா வந்தபோது, “இனிமே வேற சட்டை போட்டுக்கிட்டு வாங்கப்பா, வாசம் வருது” என்றேன். அவர் தோள்பட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா” என்றார். சமாளிக்கிறார் என்றே நினைத்தேன். அதன்பின் அவர் விடுதிக்குள் வரவில்லை. பணத்தையும் பலகாரத்தையும் வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். 2011இல் காலமானார்.

பிரெஞ்சுக்காரர்கள் வெட்டிவேரை ‘வெத்திவேர்’ என்றே வழங்குகிறார்கள். நம் சொல்தான் அங்கே சென்றிருக்கிறது. அது ஒரு புல். வேரை வாலையில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள் விரைவில் ஆவியாகிவிடும். வெட்டிவேர் எண்ணெய் மிக மெதுவாகவே ஆவியாகும். மற்றவை போனபின்னும் அது தங்கும் என்பதால்தான் இத்தகைய திரவியங்களில் அதை அடிமணமாக வைக்கிறார்கள். துணியில் பட்டால் நாட்கணக்கில் நிற்கும். அப்பாவிடம் இருந்ததே இரண்டு சட்டைகள்தாம். எந்த வேறு சட்டையை அவர் போட்டுக்கொண்டு வந்திருக்க முடியும்?

திரவியத்தை நாள்தோறும் பூசத் தொடங்கினேன். பத்து நாட்களில் எனக்கு அதன் மணமே தெரியவில்லை. இடைவிடாமல் உடனிருக்கும் மணத்தை மூக்கு பொருட்படுத்தாமல் விட்டுவிடும் என்பது அறிவியல் அறிந்த செய்தி. குப்பியில் ஏதோ குறை என்று எண்ணி, மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நல்லா வருதேப்பா. நீங்க வந்தா மாடிப்படியிலேயே தெரியுது” என்றாள். அந்த நொடியில்தான் அப்பாவின் வார்த்தை எனக்கு விளங்கியது.

ஆண்டுதோறும் புறநானூற்று 235ஆம் பாடலை நடத்துகிறேன். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது. புலால் நாறும் தம் தலையை நரந்தம் மணக்கும் கையால் அவன் தடவிக்கொடுத்ததை அதில் நினைவுகூர்கிறார். நரந்தம் என்பதற்கு நறுமணப் புல் என்றும் நாரத்தை என்றும் பொருள் சொல்வதுண்டு. அந்த இரு மணங்களின் முரணைச் சுட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போவது என் வழக்கம். இவ்வாண்டு அங்கே சற்று நின்றேன். தன் கை மணந்ததை அதியமான் அறிந்திருக்கமாட்டான்; அறிந்தவர் ஔவை. பூசியவனுக்கு முதல் சில நாட்கள்தாம் மணம் சொந்தம். பிறகு அது அருகிலிருப்பவர்களுடையது. மாணவர்களிடம் இதைச் சொன்னேன். விடுதி வாயிலைப் பற்றிச் சொல்லவில்லை.

அப்பா சமாளிக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதை அறிய எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.