பதினைந்து நிமிடங்கள்

கொழும்புத்துறை இறங்குதுறைப் பக்கத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு விழித்திருப்போர் கடற்றொழிலாளர். அவர்களோடு என் தமக்கையார். அவருடைய மூத்த மகன் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஒரு சிறையில் இருக்கிறான். அங்கே மாலை ஏழு மணி அடிக்கும்போது இங்கே மறுநாள் நாலரை. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னோக்கித் திருப்பிவிடுவதால் ஐந்தரை. இதை எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். "பேரை மட்டும் போட்டிடாதை, தம்பி" என்றார்.

சிறைக்கு நாம் அழைக்க இயலாது. அழைப்பு அங்கிருந்துதான் வரவேண்டும். பதினைந்து நிமிடம் ஆனதும் தானாகவே அறுந்துவிடும். ஒவ்வொரு சிறைக்கும் ஒரே தொலைபேசி நிறுவனம். அது பெறும் கட்டணத்தில் ஒரு பங்கு பல இடங்களில் சிறை நிருவாகத்துக்கே போய்ச் சேர்ந்தது. கட்டணம் ஏறினால் வேறு நிறுவனத்தை நாடக் கைதிக்கு வழியில்லை. வாஷிங்டனில் மார்த்தா ரைட் என்ற கண்பார்வை இழந்த பாட்டியார், பேரனோடு பேசும் செலவு தாங்காமல் 2003ஆம் ஆண்டு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவிடம் முறையிட்டார். 2013இல்தான் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் அழைப்புக்கு உச்சவரம்பு விதித்தனர். 2015இல் அம்மையார் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையொப்பமானது. ஆயினும் கடல் கடந்த அழைப்புக்கு மேலதிகக் கட்டணம் அறவிட இடமுண்டு.

அக்கா தம் சங்கிலியை அடைவு வைத்த பிறகே எனக்குச் செய்தி எட்டியது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளை ஒருவன் வழி சொன்னான். சிறை இருக்கும் ஊருக்குரிய இலக்கங்களோடு தொடங்கும் எண்ணொன்றை இணையத்தில் மாத வாடகைக்கு எடுக்கலாம். அதற்கு வரும் அழைப்பு இணையம் வழியே இங்குள்ள கைத்தொலைபேசியில் ஒலிக்கும். சிறையின் கணக்கில் அது உள்ளூர் அழைப்பு. இதில் ஓர் இடர் உண்டு. அழைப்பை வேறிடத்துக்குத் திருப்புவதைச் சில சிறைகள் தடுத்திருக்கின்றன. மீறினால் கைதியின் தொலைபேசி உரிமையே போய்விடலாம். ஆகவே ஒளிக்காமல் முன்னரே எழுதிக் கேட்டோம். மூன்று கிழமை பதிலில்லை. பின்பு ஒரு படிவம் வந்தது. எண்ணுக்கு உரியவர் யார்? கைதிக்கு என்ன உறவு?

மகன் கப்பலில் வேலை செய்வதாகவே அக்கா ஊராருக்குச் சொல்லி வந்தார். அந்தப் பிள்ளையின் முன்னிலையில் படிவத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்ர பேரைப் போடு. தாய் எண்டு எழுது" என்றார்.

முதல் அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பேச்சு பதிவாகும் என்று ஆங்கிலத்தில் ஓர் இயந்திரக் குரல் சொன்னது. அக்கா அதற்கும் "ஓம், ஓம்" என்றார். முன்பெல்லாம் வழக்கு, வழக்கறிஞர், பணம் என்று அடுக்கிக் கேட்டுவிட்டு மூன்றாம் நிமிடத்தில் வைத்துவிடுபவர், அன்று "சாப்பிட்டியே, ராசா?" என்று தொடங்கினார். முற்றத்து முருங்கை காய்த்தது, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டது எல்லாம் சொன்னார். பிறகு இருவரும் ஒன்றும் பேசவில்லை. நிமிடம் ஓடுகிறதே என்று நான் பதறினேன். அக்கா கையால் என்னை அமர்த்தினார். அப்பால் மருமகன் மூச்சு விடுவது எனக்கும் கேட்டது.

சங்கிலியை இன்னும் மீட்கவில்லை. அடுத்த கிழமை அங்கே கடிகாரத்தைத் திருப்புகிறார்கள். இனி ஐந்தரைக்கு எழுந்தால் போதும் என்றேன்.

"நான் நாலரைக்கே இருக்கிறன்" என்றார்.