பேசாத பெட்டி

என்னிடமுள்ள குறைகளை நானே எழுதிவிடுவது என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எழுதினால் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவார்கள். ஆகையால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: மோட்டார் ஓட்டுவதில் எனக்கு வேகப் பைத்தியம் உண்டு. பேனாவைப் பிடித்தால் வராத வேகம், ஸ்டியரிங்கைப் பிடித்தால் எங்கிருந்தோ வந்துவிடும். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்கிற ஆசாமி, திருச்சியிலிருந்து மணப்பாறைக்கு அரை மணியில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று துடிப்பான்.

இந்தப் பலவீனம் என் அக்கா மகனுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் இருக்கிறான். ஏழெட்டு வருஷங்களுக்கு முன் ஊருக்கு வந்தபோது எனக்கென்று ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தான். பார்ப்பதற்குப் பொடி டப்பாவின் அண்ணன் மாதிரி இருந்தது. கார்க் கண்ணாடியில் ரப்பர் கிண்ணிகளால் ஒட்டி, சிகரெட் பற்றவைக்கிற துவாரத்தில் மின்சாரம் கொடுத்தான்.

"இதுதான் மாமா, ராடார் டிடெக்டர். போலீஸ்காரர்கள் வேகத்தை அளக்கத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டுகிறார்கள் இல்லையா? அதிலிருந்து கிளம்புகிற அலையை இது தூரத்திலேயே மோப்பம் பிடித்துக் கத்திவிடும். நீங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்."

"இது சட்டத்துக்குச் சம்மதமா?" என்றேன்.

"அது இடத்துக்கு இடம் மாறும். அங்கே வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் தலைநகரத்திலும் கூடாது. பக்கத்து மேரிலாந்தில் வைத்துக்கொள்ளலாம்."

ஆற்றைத் தாண்டினால் பாவம் புண்ணியமாகிவிடுகிறது போலிருக்கிறது. நம் ஊரில் எப்படி என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமலிருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

பெட்டியின் குலம் கோத்திரத்தை அவனே சொன்னான். 1973-இல் பெட்ரோல் பஞ்சம் வந்ததை அடுத்து, 1974-இல் அமெரிக்க சர்க்கார் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம் என்று சட்டம் போட்டது. நம் கணக்கில் 88 கிலோமீட்டர். கண்ணுக்கெட்டிய வரை நேராகக் கிடக்கிற சாலைகளில் லாரி ஓட்டிப் பழகியவர்களுக்கு அது பெரிய தண்டனையாகப் பட்டது. அதற்கு முன்பே பிறந்திருந்த இந்தப் பெட்டிக்கு அப்போதுதான் நல்ல காலம் பிறந்ததாம். சட்டம் ஒரு கதவைச் சாத்தினால் மனிதன் அதில் சாவித் துவாரம் தேடுவது எந்த ஊரிலும் உள்ள வழக்கந்தானே?

என் பழைய பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. அது பயந்தாங்கொள்ளி. ஜவுளிக்கடை வாசலில் ஆளைக் கண்டதும் தானே திறக்கிற கண்ணாடிக் கதவு இருக்கிறதல்லவா, அதற்குள்ளும் ஒரு குட்டி ராடார் உண்டாம். அந்த வாசலைக் கடந்தால் போதும், என் பெட்டி 'கீ கீ' என்று அலறும். இப்போது வருகிற உயர்ந்த ரகக் கார்களில் பக்கத்து வண்டியைக் கண்டுபிடிக்க ராடார் வைக்கிறார்கள். அப்படி ஒரு கார் தாண்டிப் போனாலும் அலறும். சில சமயம் ஒரு காரணமும் தெரியாமலே அலறும். ஒவ்வொரு தடவையும் நான் பதறிப்போய் பிரேக்கை மிதிப்பேன். சுற்றுமுற்றும் பார்த்தால் போலீஸும் இருக்காது, ஜீப்பும் இருக்காது. யாராவது ஒரு கிழவர் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருப்பார்.

சென்ற வருஷம் மருமகன் மறுபடி வந்தான். பழைய பெட்டியின் அழகைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த வாரமே புதியது ஒன்றைத் தருவித்துக் கொடுத்தான். இது படித்த பெட்டி. வானத்துச் செயற்கைக் கோள்களைக் கேட்டுத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். கடைக் கதவு எது, போலீஸ் எது என்று பிரித்துப் பார்க்கும். ஓர் இடத்தில் இரண்டு மூன்று தடவை ஏமாந்தால் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அப்புறம் வாயைத் திறக்காது. "இனிமேல் இது கத்தினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். கத்தாவிட்டால் நிம்மதியாகப் போகலாம், மாமா" என்றான்.

அந்த இரண்டாவது வாக்கியம் என் காதில் தேனாகப் பாய்ந்தது.

ஐப்பசி மாதத்தில், முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த ஒரு நாவலை முடிப்பதற்காகக் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் வீடு காலியாக இருந்தது. நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த இ-பாஸையும் ஒழுங்காக வாங்கிக்கொண்டேன். இந்த விஷயத்தில் மட்டும் நான் சட்டத்துக்கு அடங்கிய பிரஜை.

எங்கள் காரில் எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை. 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டு ஒரு மணி அடிக்கும். 120-ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். சர்க்கார் செய்த ஏற்பாடு அது. என் மனைவி 60-லேயே ஆரம்பித்துவிடுவாள். இது கடவுள் செய்த ஏற்பாடு. இந்த இரண்டையும் காதில் வாங்காமலிருக்கப் பல வருஷங்களாகப் பழகியிருந்தேன்.

மணப்பாறையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் புதுப் பெட்டி வாயைத் திறந்தது. உடனே வேகத்தைக் குறைத்தேன். ஒரு பாலத்துக்கு அப்பால், புளிய மரத்தடியில் ஜீப் நின்றது. ஒரு போலீஸ்காரர் முக்காலியில் எதையோ பொருத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். கோயிலுக்குப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவரைக் கடந்து போனேன்.

"பார்த்தாயா?" என்றேன் வெற்றிப் பெருமிதத்துடன்.

"பார்த்தேன். நாய் குரைச்சதும் சுவர் ஓரமா ஒண்டிக்கிற திருடனைப் பார்த்த மாதிரி இருந்தது" என்றாள் அவள்.

செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு சேரும்போது பிற்பகல் மூன்று மணி. மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த மலைப்பாதைக்கு 'லாஸ் காட்' என்று பெயர். மேஜர் லா என்ற எஞ்சினீயர் முன்னின்று போட்டு, முதல் உலக யுத்தக் காலத்தில் மோட்டார்களுக்குத் திறந்தது. அதற்கு முன்பெல்லாம் பெரியகுளத்துப் பக்கமிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் முதல் பங்களாக்களைக் கட்டியதும், 1863-இல் கலெக்டர் லெவிஞ்சு ஏரியை உண்டாக்கியதும் அந்தக் காலத்தில்தான். துரைகளும் துரைசானிகளும் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து வருவார்கள். அவர்களைத் தோளில் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தப் பாறைக்கும் வைக்கப்படவில்லை. அந்தச் சுமை தூக்கிகளின் வேகத்தை அளக்க ராடாரும் தேவைப்பட்டிருக்காது.

'லா' என்றால் இங்கிலீஷில் சட்டம் என்றும் பொருள் அல்லவா? சட்டத்தின் பெயரைக் கொண்ட சாலையில் சட்டத்துக்குக் கண்ணைக் கட்டும் பெட்டியோடு போகிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. டம்டம் பாறையில் நின்று எலிவால் அருவியைப் பார்க்கலாம் என்றால் மேகம் மூடிவிட்டது. பிரயாணத்தைத் தொடர்ந்தோம்.

பழைய பெட்டியுடன் இதே பாதையில் பல தடவை வந்திருக்கிறேன். அது எந்த நிமிஷத்தில் அலறுமோ என்று கால் எப்போதும் பிரேக்கின் மேலேயே இருக்கும். இந்தத் தடவை காருக்குள் அமைதியோ அமைதி. புதுப் பெட்டியில் ஒரு சிறு பச்சை விளக்கு மட்டும் சாந்தமாக எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் க்ஷேமம் என்று அது சொல்வதாக எனக்குப் பட்டது.

ஊத்தைத் தாண்டிய பிறகு ஒரு வளைவு. பனி மூட்டம். முள் 45-ஐக் காட்டியது. சமவெளியில் அது ஒரு வேகமே அல்ல. அந்த வளைவில் அது கொலை வேகம்.

திரும்பியதும் சாலை ஓரத்தில் ஒரு கிழவியும் சிறுமியும் தெரிந்தார்கள். கிழவியின் தலையில் கூடை. நான் பிரேக்கை மிதித்தேன். ஈரச் சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரை உரசி நின்றது. சிறுமியைக் காணோம்.

அந்த இரண்டு மூன்று வினாடிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கதைகளில் எத்தனையோ பேரை மலையிலிருந்து உருட்டிவிட்டிருக்கிறேன். இனிமேல் அவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது.

சிறுமி ஓடையில் விழுந்திருந்தாள். கார் அவளைத் தொடவில்லை. பயந்து பின்வாங்கியதில் கால் தவறியிருக்கிறது. முழங்கால் நன்றாகக் கிழிந்து ரத்தம் ஓடியது. கூடையிலிருந்த வெண்ணெய்ப் பழங்கள் சாலையெல்லாம் உருண்டு கிடந்தன. நான் ஏதேதோ உளறினேன். கிழவி என்னை வையவில்லை. வைதிருந்தால் எவ்வளவோ தேவலை.

"ஒரு ஆரன் அடிச்சிருந்தா ஒதுங்கியிருப்போம்ல, சாமி" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு பெருமாள்மலைக்குப் போனோம். சிறுமிக்கு ஒன்பது வயது இருக்கும். என் மனைவியின் மடியில் காலை வைத்துக்கொண்டு, அழுகை ஓய்ந்ததும் கண்ணாடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"அது என்ன தாத்தா?"

குழந்தையிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை. "ரோட்டில் போலீஸ் இருந்தா சொல்லும், அம்மா."

அவள் சற்று யோசித்தாள். "நாங்க இருந்தா சொல்லாதா?"

நான் பதில் சொல்லவில்லை. என் மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமலிருந்ததுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய கண்டனம்.

டாக்டர் கழுவிக் கட்டுப் போட்டார். ஊசி ஒன்றும் போட்டார். எலும்புக்குச் சேதமில்லை. கிழவியிடம் பணத்தை நீட்டினேன். நசுங்கிய பழங்களை விரல் விட்டு எண்ணி, அவற்றின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கொடைக்கானலில் மூன்று நாள் ஒரு வரியும் ஓடவில்லை. நாலாம் நாள் மனைவி என்னைச் சூரிய ஆராய்ச்சிக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். 1899-இல் ஏற்பட்ட கூடம். நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1907-இல் இங்கே வந்து சேர்ந்த எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர், 1909 ஜனவரியில் ஒரு பெரிய சங்கதியைக் கண்டுபிடித்தார். சூரியனிலுள்ள கரும்புள்ளிகளின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுகிறது. வேகம் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். மணிக்கு ஏழாயிரத்துக்கு மேல்! அங்கே புளிய மரத்தடியில் யாரும் ஜீப் நிறுத்தவில்லை.

15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஓடுவதன் வேகத்தை இங்கே குன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு எப்படி அளந்தார்? டாப்ளர் என்ற விஞ்ஞானி 1842-இல் சொன்ன தத்துவத்தைக் கொண்டுதான். நெருங்கி வருகிற பொருளின் அலைகள் நெருக்கமாகும். விலகிப் போவதன் அலைகள் தளரும். 1845-இல் ஹாலந்து தேசத்தில் ஓடுகிற ரயிலில் எக்காளம் ஊதச் செய்து இதைக் காதாலேயே கேட்டுப் பரீட்சித்தார்கள். எவர்ஷெட் ஒளியில் பார்த்தார். போலீஸ்காரரின் ராடாரும் இதே சங்கதிதான். வினாடிக்கு 2,415 கோடி தடவை அதிரும் அலை, 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருகிற காரில் பட்டுத் திரும்பும்போது 2,700 தடவை போல அதிகமாக அதிரும். அந்த அற்ப வித்தியாசம்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது.

'நீ என்ன வேகத்தில் போகிறாய்?' என்று சூரியனையே கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறார் ஒருவர். அதே கேள்வியை என்னிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக நான் பெட்டி மாற்றியிருக்கிறேன்.

பெட்டியைக் குற்றம் சொல்ல மாட்டேன். பழைய பெட்டி பொய் சொல்லும்; அதனால் அதை நம்பவில்லை; நம்பாததால் ஜாக்கிரதையாக இருந்தேன். புதுப் பெட்டி உண்மையைத்தான் சொன்னது. அந்த வளைவில் போலீஸ் இல்லை என்பது முழு உண்மை. அதை நான் அங்கே யாருமே இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இறங்குகிற அன்று இரண்டாவது கியரிலேயே வந்தேன். மலைச் சாலையின் குறுகலில் இறங்குகிறவன் நின்று, ஏறுகிறவனுக்கு வழி விட வேண்டும் என்பது விதி. லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நின்று நின்று வழி விட்டேன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தேன். கீழேயிருந்து பதிலுக்கு ஒரு பஸ்ஸின் ஹாரன் வரும். 'நான் இருக்கிறேன்', 'நானும் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வது போல இருந்தது. ஊத்தில் நிறுத்தி விசாரித்தோம். சிறுமி பள்ளிக்கூடம் போயிருந்தாள். கிழவி என் மனைவிக்கு நாலு பழம் கொடுத்தாள்; காசு வாங்கவில்லை.

ஊர் வந்த மறுநாள் மருமகன் போனில் கூப்பிட்டான்.

"புதுப் பெட்டி எப்படி மாமா வேலை செய்கிறது?"

"ஒரு குறையும் இல்லையப்பா" என்றேன். "அலமாரியில் பத்திரமாக இருக்கிறது."