பிரித்துக் கொடுக்கிற வீட்டுக்கும் கட்டணமா?

பெங்களூரில் 2025 ஏப்ரல் முதல் குப்பைக் கட்டணம் சொத்து வரியோடு சேர்ந்து வருகிறது. கட்டிடத்தின் பரப்பைப் பொறுத்து வீட்டுக்கு மாதம் 10 ரூபாயிலிருந்து 400 ரூபாய் வரை. அங்கே பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவும் ஏற்கெனவே தனியார் வண்டிக்குப் பணம் கொடுத்துத்தான் குப்பையை அனுப்புகின்றன. ஒரே குப்பைக்கு இரண்டு தடவை பணமா என்று கேட்டார்கள். நியாயம்தான். எனக்கு அதைவிட உறுத்துவது, சதுர அடிக்கும் குப்பைக்கும் என்ன சம்பந்தம் என்பது. ஒரு வீட்டில் எல்லாவற்றையும் பிரித்து வைக்கிறார்கள். எதிர்வீட்டில் சோறும் பாட்டிலும் டயப்பரும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டு வாசலுக்கு வருகிறது. இருவருக்கும் ஒரே ரசீது.

*

சென்னை மாநகராட்சி 2021 ஜனவரி 1 முதல் குப்பைக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்ததும் இப்படித்தான். வீட்டுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை. 'குப்பை வரி' என்று எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள். அந்தச் சத்தத்தில் பிரித்துக் கொடுப்பவருக்கு என்ன சலுகை என்ற கேள்வி அமுங்கிப் போனது. வேண்டும், வேண்டாம் என்று இரண்டே கட்சி.

இத்தனைக்கும் அதே சென்னையில் 1989இல் எக்ஸ்னோரா தொடங்கியபின் தெருத்தெருவாக மக்கள் தாங்களே மாதாமாதம் பணம் போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஆள் வைத்துக் குப்பை அள்ளச் செய்தார்கள். பணம் யாருக்குப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. தெரு சுத்தமானதும் தெரிந்தது. அப்போது யாரும் வரி என்று சொல்லவில்லை.

*

எங்கள் ஊரான கோவில்பட்டியில் அடுக்குமாடி இப்போதுதான் பரவுகிறது. 2016 திடக்கழிவு விதிகளின்படி ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற இடம் 'பெருமளவுக் கழிவு' போடும் இடமாகக் கருதப்பட்டது. ஒரு குடும்பம் ஒன்றரைக் கிலோ போடுவதாக வைத்தால் 67 குடும்பம் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு வரும். நம் பக்கத்துக் கட்டிடங்களில் அப்படி வருவது அரிது. ஆனால் குப்பையை வகைவகையாகப் பிரித்துத் தரும் பொறுப்பு குடிசைக்கும் உண்டு, மூன்று படுக்கையறை வீட்டுக்கும் உண்டு. பயன்பாட்டுக் கட்டணம் வாங்கலாம் என்றும் அதே 2016 விதிகள் கூறின. தமிழ்நாட்டு நகராட்சிகளில் சொத்து வரியோடு அந்தக் கட்டணம் வரத்தான் செய்கிறது. ஆகவே பணம் கொடுக்காமல் யாரும் தப்பவில்லை. அதற்கு மேல் 'மறுசுழற்சிக்கு' என்று குடியிருப்புச் சங்கம் இன்னொரு தொகை கேட்கலாமா என்பதுதான் விவாதம்.

*

பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தவர்களின் ஊர் இது. வேண்டாத பொருளைக் கொடுத்தால் வீட்டுக்கு ஏதாவது வர வேண்டும் என்பது நம் மக்கள் மனதில் ஊறிய கணக்கு. பேப்பர், இரும்பு, தண்ணீர் பாட்டில், அட்டைப்பெட்டி ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கு இன்றும் செல்லும். கடையில் எடை போட்டுக் காசு தருகிறார்கள். அவற்றைப் பிரித்துக் கொடுப்பவரிடம் பணம் கேட்பது முறையே இல்லை.

ஆனால் சிப்ஸ் கவர், பிஸ்கட் உறை, தெர்மகோல், ஷாம்பு பாக்கெட்? இவற்றை எந்தக் கடைக்காரரும் சீண்ட மாட்டார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய உறையைப் பிரித்தெடுக்கும் செலவு, அதிலிருந்து கிடைப்பதைவிட அதிகம். சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாக்கலாம். வடக்கே ஆர்.ஆர். நகரிலும் தெற்கே தாழையூத்திலும் சிமெண்ட் ஆலை இருக்கிறது. ஆனாலும் ஏற்று கூலி, லாரி வாடகை யாராவது கொடுத்தாக வேண்டும். மறுசுழற்சி என்றாலே லாபம், அதனால் எல்லாமே இலவசமாக நடக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

*

தீப்பெட்டி ஊருக்குக் காகிதத்தின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 14 வருஷமாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பர் 1இல் இரண்டு ரூபாயானது. பாஸ்பரஸ், மெழுகோடு பெட்டிக்கான அட்டை விலை ஏறியதும் காரணம். முதுகு சாம்பல் நிறத்தில் இருக்கிற அட்டையைப் புரட்டிப் பாருங்கள், அது பெரும்பாலும் பழைய காகிதத்தைக் கூழாக்கிச் செய்தது. காய்ந்த பேப்பர் மறுபடி அட்டையாகும். அதே பேப்பர்மேல் சாம்பாரும் டீத்தூளும் கொட்டினால் அதற்கு எந்தக் கடையிலும் விலையில்லை. காகிதம் விலை இழப்பது வீட்டுச் சமையலறையில், கலக்கிற அந்த நொடியில். தொகை விதிப்பதானால் அந்த இடத்தில்தான் விதிக்க வேண்டும்.

*

பால் கவரைக் கழுவித் தரச் சொல்கிறார்கள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருந்து பழகிய ஊரில் ஒரு சொம்புத் தண்ணீரும் செலவுதான். பால் ஊற்றியதும் கவரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதைப் பால் பாத்திரத்திலேயே சேர்த்துவிடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது போதும். பிரித்துக் கொடுக்கிற வீடு ஏற்கெனவே தண்ணீரும் நேரமும் கொடுக்கிறது. கட்டணம் பேசுகிறவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

*

ஆனி, ஆடிக் காற்றில் ஊருக்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேல முள்ளில் முழுக்கக் கவர்கள். மேய்ச்சலுக்கு வந்த ஆடு அதை இழுத்துத் தின்கிறது. காலி மனையில் தீ வைக்கிறார்கள், புகை முழுவதும் குடியிருப்புக்குத்தான் திரும்புகிறது. குப்பைக்குக் கட்டணம் கடுமையானால் இந்தத் தீ இன்னும் அதிகமாகும் என்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை.

எங்கள் ஊர்க் கரிசல் மண்ணுக்குத் தேவை தொழு உரம். கோடையில் மாட்டு வண்டியில் குப்பை அடித்து, ஆட்டுக் கிடை போட்டு, அதன்பின் மழைக்குக் காத்திருந்து உளுந்தும் பாசியும் பருத்தியும் விதைத்த நிலம். நகராட்சி உரமாக்கும் மையத்து உரத்தை இந்த நிலம் வாங்கிக்கொள்ளும். ஆனால் கண்ணாடிச் சில்லும் கவர்த் துண்டும் கலந்த உரத்தை எந்தச் சம்சாரியும் தன் காட்டில் இறக்க மாட்டார். இறக்கச் சொல்லவும் கூடாது. வெயிலில் வெடித்துப் பிளக்கிற மண், அந்தப் பிளவுக்குள் விழுந்ததை அப்படியே விழுங்கிக்கொள்கிறது.

குப்பை வண்டியில் வருகிற பெண் ஒருநாள் சொன்னார்: "அண்ணாச்சி, சோத்தத் தனியா வச்சா உரத்துக்குப் போகும். டயப்பரோட சேத்துக் கட்டிக் குடுத்தா நாங்க என்னன்னு பிரிக்க?"

*

கலந்து போடுகிறவரிடம் பணம் வாங்குவதைத்தான் தென்கொரியா 1995இல் செய்தது. கலந்த குப்பையைப் போடுவதற்கு அரசு விற்கிற பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிரித்த பேப்பர், பாட்டில், டின்னுக்குக் கட்டணம் இல்லை. தைவானின் தைபே நகரம் 2000இல் அதே வழிக்கு வந்தது. பை சிறுத்தால் செலவு சிறுக்கும். நம் சங்கங்கள் கேட்பது நேர் தலைகீழ்: கலந்ததை வழக்கம்போல் வாங்கிக்கொள்கிறார்கள், பிரித்ததை எடுக்கத்தான் தனிப்பணம். இரண்டு மாதத்தில் எல்லோரும் ஒரே கவருக்குத் திரும்பிவிடுவார்கள்.

அடுக்குமாடியில் ஒரு சிக்கல் உண்டு. கீழே பொதுத் தொட்டி இருந்தால் யார் கலந்தார்கள் என்று தெரியாது. தொட்டியை எடுத்துவிட்டு, வீட்டு வாசலில் வாங்கும் முறை இருந்தால்தான் எந்த வீட்டுக்குக் கட்டணம் என்று சொல்ல முடியும்.

*

நீலகிரியில் 2022இல் நீதிமன்ற உத்தரவால் வந்த டாஸ்மாக் பாட்டில் திட்டம் நினைவுக்கு வருகிறது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருவது. யானை நடக்கிற காட்டில் உடைந்த கண்ணாடி கிடக்கக் கூடாது என்று தொடங்கியது. கூடுதல் பணம்தான், ஆனால் சரியாக நடந்தவருக்கு முழுவதும் திரும்பி வருகிறது. இந்த ஏற்பாட்டை நான் மனதார ஏற்கிறேன்.

விற்பனைக்கு அனுப்பிய பிளாஸ்டிக் உறைக்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு என்பதை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு இலக்குகளோடு விதியாக்கியது. அந்தச் செலவு உறை செய்தவரிடமிருந்து வர வேண்டும். மூன்றாம் மாடியில் குடியிருக்கிற ஓய்வூதியர் ஏன் தர வேண்டும்? 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தபோது கோவில்பட்டி அதைத் தீப்பெட்டித் தொழிலின் பிழைப்பாகப் பார்த்தது. குப்பைக் கணக்கிலும் அது நல்ல முடிவு. எரிவாயு தீர்ந்த லைட்டரை யார் வாங்குவார்கள்?

*

ஒரு வகைக் குப்பைக்கு மட்டும் தனிக் கட்டணம் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்கலாம்: நாப்கின், டயப்பர், உடைந்த பல்பு, ஊசி. காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுத்தாலும் கடைசியில் ஒரு மனிதர் கையால் தூக்க வேண்டியவை. சங்கத்துக் கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகையைப் பராமரிப்போடு கலக்காமல் தனித் தலைப்பில் எழுத வேண்டும். அதிலிருந்து எத்தனை ஜோடிக் கையுறை வாங்கினோம், வண்டியில் வருகிறவர்களிடம் எப்போது கொடுத்தோம் என்பதையும் அதன் கீழேயே எழுதி, அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் ஒட்டச் சொல்லிக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.