புல்தரையில் ஒரு வாராக்கடன்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து மூன்று மழைக்காலம் ஆச்சு. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புல்தரை. தங்கமணிக்கு ஏக சந்தோஷம். ஜூலை வந்ததும்தான் சங்கதி தெரிந்தது. நம்ம கோவில்பட்டி மாதிரி இங்கேயும் கரிசல். கோடையில் விரல் நுழையுமளவு வெடிக்கும். நனைந்தால் உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் இறங்கவே இறங்காது. மூன்று நாளாகியும் கணுக்கால் அளவு நின்றது. கொசு வேறு.

முதல் வருஷம் புத்திசாலித்தனமாகப் பின்மதிலில் ஓட்டை போட்டேன். ஒரே மணி நேரத்தில் தண்ணீர் காலி! மறுநாள் காலை, மதிலுக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் வீட்டுக் கொடியில் அவர் பெண்ணின் பள்ளிக்கூட நோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும்போல "நமஸ்தே சாப்" என்றார். என் வாராக்கடனை அவர் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

அன்றே ஓட்டையை அடைத்தேன். புது நோட்டுகள் வாங்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். மொட்டைமாடி 1000 சதுர அடி. 1 செ.மீ. மழைக்கே சுமார் 930 லிட்டர் தண்ணீர், குழாய் வழியாக நேரே புல்தரைக்கு! அந்தக் குழாயை முன்பக்கத் தெரு மழைநீர் வடிகாலுக்குத் திருப்பினோம். பள்ளங்களை மண் போட்டு நிரப்பினோம். புல்தரையிலிருந்து வீட்டோரமாக ஒன்றரை அடி ஆழ வாய்க்கால் வெட்டி, ஜல்லி பரப்பி, துளையிட்ட பி.வி.சி. குழாய் பதித்தோம். 10 மீட்டருக்கு 10 செ.மீ. சரிவு. உறிஞ்சுகுழி வேண்டாம் என்றார் கொத்தனார், கரிசல் குடிக்காதாம்.

இந்த வருஷம் தண்ணீர் நிற்கவில்லை. ஆனாலும் மழை வலுத்தால், முதலில் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் எட்டிப் பார்க்கிறேன்.