சீகிரியாவில் உரோமச் செப்புக்காசு

மாத்தளையிலிருந்து வடக்கே சென்று, தம்புள்ளையைக் கடந்து, இனாமலுவையில் வலப்புறம் திரும்பினால் சீகிரியாக் குன்று தோன்றும். காசியப்ப மன்னன் கி.பி. 477 முதல் 495 வரை வீற்றிருந்த கோட்டை அது. யாவரும் ஓவியங்களை நாடி ஏறுவர். நம்முடன் வந்த மாணவருக்கோ வேறு கவலை: எந்தெந்த நாட்டு நாணயங்களைச் சேர்ப்பது? நாட்டுக்கு ஒன்றெனச் சேர்த்தால் பெட்டி நிறையும், கதை சேராது.

இம்மண்ணில் உரோமச் செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. விரல் நகத்தளவே உள்ள, தேய்ந்த சில்லறைகள். கொஸ்மாஸ் என்னும் வணிகர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிவைத்தது நினைவுக்கு வருகிறது. உரோம வணிகன் ஒருவனும் பாரசீகன் ஒருவனும் தத்தம் மன்னனே பெரியவனென்று இலங்கை வேந்தன் முன் வாதிட்டனராம். இருவர் நாணயங்களையும் வேந்தன் ஒப்புநோக்கினான்; உரோமப் பொற்காசு வென்றது, பாரசீக வெள்ளி தோற்றது. பொன்னோடு வெள்ளியை ஒப்பிட்டது முறைதானா என்பது நமது ஐயம்!

ஆயினும் மாணவர் உரோமக் காசுக்காக மண்ணைக் கிளறலாகாது. புதைந்து கிடைக்கும் பழம்பொருள் அரசுக்குரியது. நாம் வந்த வீதியே நல்ல வழி காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னாரில் கரையிறங்கிய தமிழர், காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1872இல் இலங்கையில் ரூபாய் நூறு சதமாக வகுக்கப்பட்டபோது, கையில் புழங்கிய வெள்ளி ரூபாய் இந்தியாவினுடையது. செப்புச் சதமோ இலங்கையினுடையது. இரண்டிலும் விக்டோரியா மகாராணியின் முகமே. மாத்தளை மாணவரின் தொகுப்பு அவ்விரண்டிலிருந்து தொடங்கட்டும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் பின்னர் வரலாம்.