பாலைவனத்தில் இரண்டாவது பேட்டரி

ஆஸ்திரேலியாவின் பேர்ட்ஸ்வில் ஊரிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால், 'பிக் ரெட்' எதிரே நிற்கும். ஏறக்குறைய 40 மீட்டர் உயர மணல்மேடு. அதற்கப்பால் சிம்ப்சன் பாலைவனத்தில் இப்படி 1,100-க்கும் மேல் மேடுகள். வழியில் மெக்கானிக் கடையே இல்லை.

அதனால் இங்கு வரும் பல வண்டிகளில் இரண்டு பேட்டரிகள். ஒன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்ய. இரவெல்லாம் ஃப்ரிட்ஜும் விளக்கும் ஓடுவது மற்றொன்றில். நடுவில் ஓர் ஐசொலேட்டர். இன்ஜின் ஓடும்போது இரண்டுக்கும் சார்ஜ் ஏற விடும், நின்றதும் பிரித்துவிடும்.

புதைந்த வண்டியை இழுக்கும் வின்ச், முழு பாரத்தில் 400 ஆம்பியர் வரை குடிக்கும். அதனால் தடித்த கேபிள் போட்டு, இன்ஜினை ஓடவிட்டே இழுக்கிறார்கள். கயிறு கட்ட மரம் இல்லையா? ஸ்டெப்னியை மணலில் ஆழப் புதைத்து, அதில் கட்டுகிறார்கள்!

விடிந்ததும் சாவியைத் திருப்பி, இன்ஜின் உறுமினால்தான் நிம்மதி.